கம்ப்யூட்டரில் எனக்கு வந்த சுகர்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்கள் காலை ஒடித்துக்கொள்ளக் கூடாது. அதற்கு வருஷத்தில் வேறு மாதங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் நான் எல்லா அறைகளும் நிரம்பி, வாசலில் இரண்டு வேன்கள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் எங்கள் லாட்ஜின் பின்பக்கப் படியில் வழுக்கி விழுந்தேன். யாரோ ஒரு விருந்தாளி அருவிக்குப் போகும் முன் அந்தப் படியில் உட்கார்ந்து உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மீதியைப் படிக்கும் தேய்த்துவிட்டுப் போயிருந்தார். என் வலது கணுக்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பி நின்றது.

என் கணவர் என்னை ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனார். "மெதுவா போங்க" என்று டிரைவரிடமும், "அந்தப் படிய பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னேம்லா" என்று என்னிடமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நாங்கள் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாசலில் 'காகிதமில்லா மருத்துவமனை' என்று பளபளவென்று பலகை வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் அங்கே பழுப்பு அட்டை ஃபைல்கள் இருந்தன. அவற்றை நினைத்து எனக்கு ஒரு ஏக்கமும் கிடையாது. என் மாமனாருடைய ஃபைலைக் கேட்டால் பாதி நாள் வேறு யாருடைய ஃபைலாவதுதான் வரும். டாக்டரின் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர் தன் கற்பனை வளத்துக்கு ஏற்றபடி வாசித்து மாத்திரை கொடுப்பார். அதனால் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் நான் சந்தோஷப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரிசப்ஷனில் இருந்த பெண் பெயர், வயது, வீட்டுக்காரர் பெயர் எல்லாம் கேட்டாள். என் பெயர் தென்காசிக் கோயில் அம்மனுடையது. என் கணவர் பெயர் குற்றாலத்துச் சாமியுடையது. புளியங்குடியிலிருந்து கடையம் வரைக்கும் இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்த ஜோடி தெருவுக்கு ஒன்று இருக்கும். கோயில் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பூ விற்கிற அம்மா உட்பட ஒரு கூட்டமே திரும்பிப் பார்க்கும்.

"ஏற்கெனவே நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்கம்மா" என்றாள் அந்தப் பெண், திரையைப் பார்த்துக்கொண்டே.

"மாமனாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். எனக்குன்னு வந்ததே இல்ல."

"இல்லம்மா, சிஸ்டத்துல இருக்கு. போன் நம்பர் மாத்திட்டீங்களா?"

"செல்போன் வாங்குன நாள்லருந்து இதே நம்பர்தான்."

"அப்ப அப்டேட் பண்ணிக்கிடுதேன்."

ஒரு தட்டு தட்டினாள். அவ்வளவுதான். என் மணிக்கட்டில் கோடு கோடாக அச்சடித்த ஒரு பட்டையைக் கட்டினார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு தட்டில் நான் வேறு ஒருத்தியாகிவிட்டேன் என்பது தெரியவில்லை.

எங்கள் லாட்ஜிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. சீசனில் அது அவ்வப்போது ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்கு விற்றுவிடும். ஆனால் இரண்டு குடும்பங்களும் பெட்டி படுக்கையோடு என் முன்னால் வந்து நின்று கத்துவதால் தப்பு உடனே தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் அந்த இரண்டாவது ஆள் அப்போது கடையம் பக்கத்தில் ஏதோ வயலில் நின்றிருந்தாள். அதனால் கத்துவதற்கு ஆள் இல்லை.

எக்ஸ்ரே எடுத்து, காலுக்கு மாவுக்கட்டை அரைகுறையாகப் போட்டு, இரண்டாவது மாடியில் படுக்க வைத்தார்கள். எலும்பு டாக்டர் வந்தார். அவருக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டியில் லேப்டாப் வந்தது. அவர் லேப்டாப்புக்கு வணக்கம் சொல்லவில்லையே தவிர மற்ற எல்லா மரியாதையும் அதற்குத்தான்.

"பதினோரு வருஷமா சுகர்… இன்சுலின் போகுது… கர்ப்பப்பை எடுத்தாச்சு…" என்று வாசித்துக்கொண்டே போனார்.

"டாக்டர், எனக்கு சுகர் கிடையாது. கர்ப்பப்பையும் எங்கிட்டதான் இருக்கு."

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். வாசிப்புக்கு நடுவே பேசிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "டென்ஷன் ஆகாதீங்கம்மா. வீக்கம் வடியட்டும், பிளேட் வச்சிரலாம். அதுக்கு முன்னாடி சுகருக்கு ஒரு ஒப்பீனியன் வாங்கிக்கலாம்" என்றார். தள்ளுவண்டி முன்னே போக, அவர் பின்னே போனார்.

மதியம் எனக்குக் கோதுமை ரவை உப்புமா வந்தது. சீனி இல்லாத காப்பி வந்தது. என் கணவர் கேன்டீனிலிருந்து சீனி தூக்கலாக ஒரு டீ வாங்கி வந்து, என் கண் முன்னாலேயே உறிஞ்சிக் குடித்தார்.

"ஒரு வேள இருக்குமோ ஏட்டி? நமக்கே தெரியாம?" என்றார்.

"கர்ப்பப்பையையுமா எனக்குத் தெரியாம எடுத்திருப்பாங்க?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு டீயைத் தொடர்ந்தார்.

அதன் பிறகு நர்ஸ் வந்தாள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பெண். கையில் சின்ன ஊசி. "இன்சுலின் போடணும் சேச்சி" என்றாள் இனிமையாக.

"எனக்கு சுகர் இல்லம்மா. ஊசி போட்டா நான் மயங்கி விழுந்திருவேன்."

"ஓர்டர் இருக்கு சேச்சி."

"நான் போட்டுக்கிட மாட்டேன்."

அவள் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினாள். நோயாளி மறுத்தால் காரணம் போட்டே ஆக வேண்டுமாம். திரையை என்னிடம் காட்டினாள். பயம், செலவு, மதநம்பிக்கை, வலி, மற்றவை என்று இருந்தன. 'நோய் இவருடையது அல்ல' என்று ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அதைச் செய்தவனுக்குத் தோன்றவே இல்லை. "பயம்னு போடட்டே?" என்று கேட்டாள். போட்டுக்கொள் என்றேன். பொய்யும் இல்லை.

நல்லவேளை, அவளுக்கு மனசு கேட்கவில்லை. விரலில் குத்தி ரத்தம் எடுத்து மெஷினில் பார்த்தாள். நூற்று நான்கு.

"பாத்தீங்களா சேச்சி, நல்ல கன்ட்ரோல்ல இருக்கு!"

"இல்லாத சுகர் கன்ட்ரோல்லதாம்மா இருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். ஊசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகுதான் எனக்கு யோசனை ஓடியது. நான் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் வந்திருந்தால்? வாய் பேச முடியாத ஒருத்தியாக இருந்திருந்தால்? அந்த ஊசி அதே இனிமையோடு உள்ளே போயிருக்கும். காலை ஒட்டவைக்க வந்த இடத்தில் சுகர் இறங்கிச் செத்துப்போனவள் என்று சிஸ்டத்தில் ஒரு வரி ஏறியிருக்கும். அதுவும் என் கணக்கில் ஏறியிருக்காது.

மாலையில் ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார். நான் ஆதியோடந்தமாகச் சொன்னேன். கேட்டார், நம்பினார், டேப்லெட்டை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தார். சுகர் இல்லை. ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. மருந்து அலர்ஜி எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் 'ஆம்' என்று தட்டினார். அன்று அந்தக் கட்டடத்தில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நாங்கள் அழித்தது யாருடைய அலர்ஜி என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடுத்த காப்பி சீனியோடு வந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக் குடித்தேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. என் பெயரைப் போட்டு, அவசர சிகிச்சைப் பிரிவில் நான் இப்போதுதான் பதிவு செய்யப்பட்டிருப்பதாகவும், விரைவில் குணமடைய வாழ்த்துவதாகவும் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் சொல்லியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி. என்னைக் கால் எக்ஸ்ரேக்கு அனுப்பியிருக்கிறார்களாம். நானோ காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டாவது மாடியில் படுத்துக் கிடக்கிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நேற்று அழித்தது ஞாபகம் வந்தது.

"என்னங்க, கீழ போங்க. என் பேர்ல ஒருத்தி வந்திருக்கா. அவளுக்குத்தான் சுகர். வேற என்னமோ ஒரு மருந்தும் ஆகாது. எல்லாத்தையும் நேத்து நாம அழிச்சுட்டோம். ஓடுங்க."

கீழே நடந்ததை அவர் சொன்னதிலிருந்தும், பிற்பாடு அந்தப் பெண்ணின் மருமகள் சொன்னதிலிருந்தும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவசரப் பிரிவு வாசலில் செக்யூரிட்டி இவரை மறித்தார். "யாரப் பாக்கணும் அண்ணாச்சி?"

"என் பொண்டாட்டிய" என்றார் இவர். அவசரத்தில் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். பெயரையும் சொன்னார்.

செக்யூரிட்டி ரிசப்ஷனில் விசாரித்துவிட்டு வந்தார். "அவங்க ரெண்டாவது மாடியிலல்லா இருக்காங்க."

"அது தெரியும். அங்கருந்துதான் வாறேன். இங்கன கீழ இருக்கவங்களப் பாக்கணும்."

"அண்ணாச்சி, குடும்ப விவகாரத்தையெல்லாம் வெளிய வச்சுப் பேசிக்கிடுங்க."

இவர் அதற்கு மேல் பேசாமல் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே திரை போட்ட ஒரு கட்டிலில் என் வயதுப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். கடையம் பக்கத்து விவசாயக் குடும்பம். வயலில் காலில் ஏதோ குத்திப் புண்ணாகி, பாதம் வீங்கி, காய்ச்சலோடு வந்திருந்தாள். சுகர்க்காரியின் கால்புண். ஆனால் கம்ப்யூட்டரில் கணுக்கால் முறிவு என்று இருந்ததால் முதல் காரியமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. ஒரே நாளில் எலும்பு கூடிவிட்டதைப் பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை. பிறகு காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக்கை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

இவர் போனபோது அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். உதடு ஒரு பக்கமாகத் தடித்திருந்தது. "மூச்சு பிடிக்கி" என்று மருமகளிடம் சொன்னாள். மருமகள் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் வந்து கட்டிலைப் பார்க்கவில்லை, நேரே கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அலர்ஜி ஒண்ணும் இல்லன்னுதானே போட்டிருக்கு" என்றாள்.

என் கணவர் லாட்ஜில் ஒழுகுகிற குழாயைத் தானே அடைக்கிறவர். டிரிப் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி இறுக்கிவிட்டார்.

"ஹலோ, யாரு நீங்க? அதையெல்லாம் தொடக் கூடாது!" என்று நர்ஸ் கத்தினாள்.

"தொடமாட்டேன். நீங்க மொதல்ல அவங்க மூஞ்சியப் பாருங்க" என்று இவரும் கத்தினார்.

அந்தச் சத்தத்தில் ஒரு டாக்டர் ஓடி வந்தார். அவர் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் கட்டிலுக்குப் போனார். பார்த்த மாத்திரத்தில் குழாயைப் பிடுங்கி எறிந்து, வேறு ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார். அவளுக்கு மூச்சு சீராக நேரம் பிடித்தது. மருமகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழக்கூட இல்லை. என் கணவர் மேலே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். "உம் பேரச் சொல்லிச் சொல்லி அந்த நர்ஸ் பிள்ளைங்க அவளக் கூப்பிடுதாங்க ஏட்டி" என்றார்.

அன்று பகல் முழுக்க எங்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். கடைசியாக வந்தவர் நிர்வாக அதிகாரி, கழுத்துப்பட்டையில் அடையாள அட்டை தொங்க. சாஃப்ட்வேரில் ஒரு குறையும் இல்லை, இது மனிதத் தவறு என்றார்.

"எங்க லாட்ஜ்ல ரெண்டு பேருக்கு ஒரே ரூம் போட்டுட்டா, நான் வந்தவங்களப் பாத்து 'இது மனிதத் தவறு'ன்னு சொல்லுறதில்ல சார். எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேப்பேன்" என்றேன்.

அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். மன்னிப்பு மட்டும் வரவில்லை. இரண்டு பேரை ஒன்றாக்க ஒரு தட்டு போதும். ஒருத்தரை மறுபடி இரண்டாக்க வேண்டுமானால் பெங்களூரில் இருக்கும் கம்பெனிக்கு டிக்கெட் போட வேண்டும், அதாவது கம்ப்யூட்டரிலேயே புகார் பதிய வேண்டும், நாளாகும் என்று விளக்கினார். என் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பஸ்ஸுக்கா, ரயிலுக்கா?" என்றார். வேண்டுமென்றேதான் கேட்டார்.

டிக்கெட் வருகிறவரை என்ன செய்வது? மார்க்கர் பேனாவால் ஒரு தாளில் பெரிதாக எழுதி என் தலைமாட்டில் பிளாஸ்திரியால் ஒட்டினார்கள்: 'சுகர் இல்லை.' அவளுக்கு ஒட்டியது: 'சுகர் உண்டு.' அதன் கீழே ஆகாத மருந்தின் பெயரைப் போட்டு, 'இந்த ஊசி கூடாது.' காகிதமில்லா மருத்துவமனையில் எங்கள் இரண்டு பேர் உயிரையும் காப்பாற்ற இரண்டு முழுத் தாள் செலவானது. இடம் இல்லை என்று அவளைக் கொண்டுவந்து எனக்கு அடுத்த கட்டிலிலேயே போட்டார்கள். நர்ஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேரும் "என்னம்மா" என்போம்.

முக வீக்கம் வடிந்த பிறகு அவள் நன்றாகப் பேசினாள்.

"நேத்து வந்ததும் கீழ இருந்த டாக்டர்ட்ட இன்சுலின் போட்டுட்டுத்தான் வந்தேன்னேன். 'உங்களுக்கு சுகர் இல்லையே'ன்னாரு. எனக்குன்னா ஒரே சந்தோஷம். கம்ப்யூட்டர்லயே இல்லன்னு வந்துட்டாம்லா! மருமவளப் பாத்து, ஏட்டி, சுகர் போயிட்டு, ஒரு டீ வாங்கிட்டு வா, சீனி போட்டுன்னேன். எத்தன வருசமாச்சு. ரெண்டு மடக்குதான் குடிச்சேன், எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

"ஊசி ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும்லா, ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"முந்தியெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசல்லயே சொல்லிப்புடுவேன் யக்கா. போன மட்டம் இங்க வந்தப்ப அந்த ஊசியத்தான் எழுதப் பாத்திருக்காங்க, கம்ப்யூட்டர் செவப்பா எரிஞ்சு வேண்டாம்னுட்டாம். அப்ப ஒரு பிள்ள சொல்லிச்சு, 'இனிமே நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, எல்லாத்தையும் அதுவே சொல்லிரும்'னு. சரி, நமக்கு வாய் மிச்சம்னு விட்டுட்டேன்."

எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் உறைத்தது. அந்த இயந்திரம் அவளை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. அது உண்மை. அதைச் சொல்லி அவள் வாயை மூட வைத்தார்கள். பிறகு அது வாயை மூடிக்கொண்டபோது, பேச ஆளே இல்லை. நான் பேசினேன், அதுவும் அவளுக்கு எதிராகப் போய் முடிந்தது. கட்டிலில் கிடப்பவளைப் பார்த்துப் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, என்ன ஆகாது என்று கேட்பதற்கு எந்தக் கம்பெனியிடமும் டிக்கெட் போட வேண்டியதில்லை. அதைச் செய்ய அந்த மாடியில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் தட்டுகிற வேலை இருந்தது.

எனக்கு பிளேட் வைத்தார்கள். தியேட்டருக்குள் போகும் முன் எலும்பு டாக்டரைக் கையைப் பிடித்து நிறுத்தி, "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன். சொன்னார். எந்தக் கால் என்றும் கேட்டேன். அதையும் சொன்னார். அதன் பிறகுதான் கையை விட்டேன். அவளுக்கும் புண் ஆறியது. எனக்கு முன்பே வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரி எங்கள் இரண்டு பேருக்கும் இலவசமாக முழு உடல் பரிசோதனை தருவதாகச் சொன்னது. "எனக்கு வேண்டாம், அத அவியளுக்கே ரெண்டு தடவ பண்ணிவிடுங்க" என்று என்னைக் காட்டிவிட்டுப் போனாள்.

சீசன் முடிகிற சமயத்தில், நான் கைத்தடியோடு மறுபரிசோதனைக்குப் போனபோது அவளும் மருமகளோடு வந்திருந்தாள். ரிசப்ஷனில் புது விதி. யார் வந்தாலும் பெயர், வயது, வீட்டுக்காரர் பெயர், ஊர், தெரு, என்னென்ன நோய், என்னென்ன ஆகாது என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. "பொண்ணு பாக்கவா வந்திருக்கோம், குலம் கோத்திரமெல்லாம் கேட்டுக்கிட்டு" என்று கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஒருவர் முணுமுணுத்தார்.

அவள் முறை வந்தது. "உங்களுக்கு ஏதாவது மருந்து ஆகாதா?" என்று அதே ரிசப்ஷன் பெண் கேட்டாள்.

அவள் ஆரம்பித்தாள். வயலில் கால் குத்தியதிலிருந்து தொடங்கினாள். டிரிப் ஏறியது, கழுத்து அரித்தது, உதடு தடித்தது, மூச்சு அடைத்தது எல்லாவற்றையும் கையை ஆட்டி நடித்தே காட்டினாள். முணுமுணுத்தவர் உட்பட வரிசை முழுவதும் சத்தமில்லாமல் கேட்டது. ரிசப்ஷன் பெண் தட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, இந்தக் கட்டத்துல இதுக்கு மேல எழுத்து பிடிக்காது."

"பிடிக்கிறத மட்டும் அதுல போடு. மிச்சத்த ஒவ்வொரு மட்டமும் நான் வந்து சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

அடுத்தது நான். எனக்குச் சொல்ல அவ்வளவு விஷயம் இல்லை. இருந்தாலும் சத்தமாகவே சொன்னேன்.